எட்டு எழுத்தில் நிற்காத பெயர்

கமலாக்ஷிக்கு அன்றைக்குச் சாயா தொண்டையில் இறங்கவில்லை. சாயாவில் ஒரு குறையும் இல்லை, வழியில் கண்டதுதான் குறை. ஆபீஸுக்கு வரும்போது பழைய பாத்திரக் கடை வாசலில் இசக்கிசெல்வி நின்றுகொண்டிருந்தாள். காலடியில் ஒரு குக்கரும் ஒரு அண்டாவும். விற்க வந்திருக்கிறாள் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கமலாக்ஷி சட்டென்று எதிர்ப்பக்கத்துக் குடைக்கடையில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு தாண்டிப் போய்விட்டாள். ஐம்பது தாண்டிய மனுஷி, மட்டாஞ்சேரியில் துப்பறியும் ஆபீஸ் வைத்து நடத்துகிறவள், ஒரு குக்கரைக் கண்டு பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மலஞ்சரக்கு என்று அங்கே சொல்லும் ஏலம், மிளகு வகையறா வியாபாரி கல்யாணராமனின் கிடங்கில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காற்றும் மழையுமாக அடித்த நேரத்தில், யாரோ கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். கப்பலேறக் காத்திருந்த ஜாதிபத்திரி மூட்டைகளில் பாதி நனைந்து நாசம். எதிராளி எவனோ ஆள் வைத்துச் செய்த வேலை என்று கல்யாணராமன் குதித்தார். கமலாக்ஷியைக் கூப்பிட்டார். அவள் ஒரே நாளில் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

இரண்டு சாட்சிகள் கிடைத்தன. கிடங்குக் கதவில் காந்தப் பூட்டு இருக்கிறது. கார்டைக் காட்டினால் திறக்கும், திறந்தது யார் என்று முதலாளியின் போனுக்குச் செய்தி அனுப்பும். ஞாயிற்றுக்கிழமைச் செய்தியில் இருந்த பெயர் இசக்கிராஜா. அந்தக் கிடங்கிலேயே வருஷக்கணக்காக மூட்டை தூக்குகிறவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இரண்டாவது சாட்சி கயிறு. திங்கட்கிழமை காலையில் கதவு வெளியிலிருந்து கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அந்த முடிச்சு மூட்டைக்காரர்கள் போடுகிற முடிச்சு. கமலாக்ஷி அதைப் பல கோணத்தில் போட்டோ எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்டினாள்.

கல்யாணராமன் அந்த ரிப்போர்ட்டைப் பஜார் நடுவில் நின்று உரக்கப் படித்தார். இசக்கிராஜாவையும், அதே கிடங்கில் பத்திரி பொறுக்கும் அவர் மனைவி இசக்கிசெல்வியையும் சேர்த்து வெளியே அனுப்பினார். இனி அந்தத் தெருவில் எந்தக் கிடங்கும் அவர்களை வாசல்படி ஏற்றாது. அதனால்தான் குக்கர் கடைக்கு வந்திருந்தது.

“மாமி, கல்யாணராமன் ஸாரோட பேர் என்ன?” என்றான் வெங்கிட்டு.

வெங்கிட்டு அவளுடைய உதவியாளன். முன்பு காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலையில் இருந்தவன். குற்றம் கண்டுபிடிக்கிற குணம் மட்டும் மிச்சமாகி இங்கே வந்து சேர்ந்தான்.

“பைத்தியம் பிடிச்சுடுத்தாடா? கல்யாணராமன்.”

“மிஷின் அவரை ‘கல்யாணர்’னாக்கும் சொல்றது. பிள்ளை கிருஷ்ணபிரசாத், ‘கிருஷ்ணப்’. கணக்குப் பாக்கற மாதுரி மட்டும் மாதுரி.”

“அவள் மட்டும் என்ன ஒசத்தி?”

“ஒண்ணும் இல்லை, பேர் சின்னது. இங்கிலீஷிலே எட்டு எழுத்து வரைக்கும் மிஷின் விடும், அதுக்கு மேலே வெட்டிடும். மொதலாளி, பிள்ளை, ஒரு தாட்சண்யமும் கிடையாது. நம்ம இசக்கிராஜா தினம் காலம்பற கதவு திறக்கறச்சே ‘இசக்கிரா’. பின்னே ஞாயித்துக்கிழமையைப் பாருங்கோ.”

முதலாளியின் போனுக்கு வந்த செய்திகளைப் படமெடுத்து வைத்திருந்த தன் போனை நீட்டினான். கமலாக்ஷி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இசக்கிராஜா. ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் இருந்தது.

“மொதலாளி பேரையே வெட்டற மிஷின், மூட்டை தூக்கறவருக்கு முழுப்பேர் போட்டு மரியாதை பண்றது. இந்தப் பஜாரிலே நடக்கற கார்யமா மாமி அது?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை இதே செய்தியை இதே கண்ணாடியோடு பார்த்தவள்தான் அவள். பெயர் முழுசாக இருக்கிறதே, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று அன்றைக்குத் திருப்தியாகத் தலையாட்டியது ஞாபகம் வந்தது. காதோரம் சூடாயிற்று.

“வண்டியை எடுடா,” என்றாள்.

*

தோப்பும்படிப் பாலம் தாண்டி, வைற்றிலாவில் சிக்கி, காக்கநாடு போய்ச் சேருவதற்குள் வெங்கிட்டுவின் ஸ்கூட்டர் இரண்டு தடவை இருமி நின்றது. “இதுக்கும் ஒரு வாக்குமூலம் வாங்கிடுங்கோ மாமி,” என்றான் அவன்.

பூட்டுக் கம்பெனி ஒரு மாடியில் ஒற்றை அறையில் இருந்தது. கல்யாணராமனின் கிடங்கில் பூட்டு மாட்டியவன் ஹரிஷங்கர், பாலக்காட்டுப் பையன், மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டான். கேள்வியைக் கேட்டதும் லேப்டாப்பைத் திருப்பி வைத்தான்.

“ஒவ்வொரு கஸ்டமருக்கும் நாங்க புரோகிராம் கையாலே எழுதறதில்லை மாமி. ஒரு டெம்ப்ளேட் இருக்கு. அதிலே அங்கங்கே ஓட்டை. பேரு, கார்டு நம்பர், போன் நம்பர் எல்லாம் அந்த ஓட்டையிலே போய் விழும். பூட்டுக்கு வேண்டிய புரோகிராம் தன்னாலே எழுதிண்டு வெளியிலே வரும்.”

“கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கறாப்பலே,” என்றாள் கமலாக்ஷி.

“அதேதான். ஆனா பேர் அப்படியே விழாது. விழறதுக்கு முன்னே ஒழுங்கு பண்ணும். எல்லாம் பெரிய எழுத்தாக்கும், நடுவிலே எடம் விட்டிருந்தா எடுத்துடும், எட்டோட வெட்டும். பூட்டோட ஸ்கிரீன் சின்னது, அதனாலே.”

“அப்போ முழுப்பேர் எங்கேர்ந்து வந்தது?”

ஹரிஷங்கர் திரையில் கீழே கீழே போனான். கார்டுகளின் வரிகள் ஒவ்வொன்றாக ஓடின. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அந்த வெட்டுகிற கட்டளை ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசி வரியில் வந்து கை நின்றது. அந்த வரியில் வெட்டுகிற கட்டளை இல்லை. பையனின் முகம் வெளிறியது.

“என்னடாப்பா அந்த வரி?”

“இது… எந்தக் கார்டும் காட்டாம கதவு திறந்தா என்ன பேர் சொல்லணுங்கற எடம். இதிலே ‘தெரியாது’ன்னு போடணும். அது மாறாத வார்த்தை, வெட்ட வேண்டாம்னு இந்த ஓட்டைக்கு ஒழுங்கு பண்ற வேலை வெக்கலை. எது போட்டாலும் போட்டபடி போகும்.”

“நீ என்ன போட்டிருக்கே?”

வெங்கிட்டு எட்டிப் பார்த்துப் படித்தான். “இசக்கிராஜா.”

ஹரிஷங்கர் லேப்டாப்பைப் பாதி மூடினான்.

“மாட்டின அன்னைக்குச் சோதனைக்குப் போட்டது மாமி. போனுக்குச் செய்தி போறதான்னு பாக்க ஒரு பேர் வேணுமே. அப்புறம் மாத்தணும்னு நெனச்சேன். மறந்துட்டேன். சத்தியமா ஓர்மையே இல்லை.”

“கார்டே காட்டாம கதவு எப்படித் திறக்கும்?”

“கரண்ட் போனா காந்தம் விட்டுடும். அதுக்குத்தான் பேட்டரி. ஆனா அங்கே காந்தத்தோட பேட்டரி செத்து மாசக்கணக்காச்சு. மாத்தணும்னு கல்யாணராமன் ஸார்கிட்டே ரெண்டு தரம் போன்லே பறஞ்சேன். செய்தி அனுப்பற பெட்டிக்கு மட்டும் தனியா ஒரு குட்டி பேட்டரி, அது ஜீவனோட இருக்கு.”

வெங்கிட்டு தன் போனைத் தேய்த்தான். மின்வாரியம் மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு அனுப்பின செய்தி அங்கே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மின்தடை, மரம் விழுந்து கம்பி அறுந்தது. கிடங்குச் செய்தி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தது.

“அப்போ கதவைத் திறந்தது காத்து,” என்றான் வெங்கிட்டு. “ஆளைத் தேடறேளா மாமி? ஆளுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை.”

கமலாக்ஷி எழுந்து ஜன்னலண்டை போனாள். கீழே ஐ.டி. பார்க்குக்குப் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ‘தெரியாது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் மிஷின் இசக்கிராஜா என்று சொல்லியிருக்கிறது. மிஷினைக் குற்றம் சொல்லி என்ன பயன், அவளும் அதையேதான் செய்தாள். அவளுக்கும் தெரியவில்லை, அவளும் இசக்கிராஜா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“லேப்டாப்பை எடுத்துக்கோ, ஹரி. நீயும் வா.”

*

கல்யாணராமனின் கிடங்கில் நல்ல பத்திரியின் வாசனையும் கெட்டுப்போன பத்திரியின் வாசனையும் கலந்து மூக்கை அடைத்தது. அவர் முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கோபம் ஹரிஷங்கர் பக்கம் திரும்பியது.

“ஏண்டா, ஒருத்தன் பேரைக் கொண்டுபோய் அப்படியா போடுவே? விளையாட்டா உனக்கு? ஒரு பாவப்பட்ட மனுஷனோட பொழப்பு.”

ஹரிஷங்கர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். “நீங்கதானே ஸார் போடச் சொன்னேள்.”

“நானா?”

“உங்க பேர்தான் முதல்லே டைப் பண்ணினேன். அப்போ ராகு காலம். ‘புது மிஷினிலே ராகு காலத்திலே என் பேரையா ஏத்தறே, அழிடா’ன்னேள். வேறே யார் பேர் ஸார்னு கேட்டேன். ‘அதோ ஏணியைப் பிடிச்சிண்டு நிக்கறானே, அவன் பேரைப் போடு. அவனுக்கென்ன ராகு, கேது’ன்னு சொன்னேள். நான் அவர்கிட்டே பேர் கேட்டேன். அவர் முழுசா சொன்னார், நான் முழுசா போட்டேன்.”

மறந்தே போயிருந்தார் என்பது கல்யாணராமன் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. இந்த மாதிரி வார்த்தைகளைச் சொல்லுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவர் பக்கத்திலிருந்த மூட்டைமேல் உட்கார்ந்தார், அது நனைந்த மூட்டை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

வெங்கிட்டு ஏதோ சொல்ல வந்தான். கமலாக்ஷி அவன் முழங்கையைத் தொட்டாள்.

வெள்ளத்தில் போகிறவர் மாதிரிக் கல்யாணராமன் ஒரு கிளையைப் பிடித்தார். “பேர் தப்புன்னே வெச்சுக்குவோம். அப்போ கயிறு? நீங்கதானே கமலாக்ஷி சொன்னேள், அது மூட்டைக்காரா முடிச்சுன்னு. அவன் இங்கே வரலைன்னா கயித்தை யார் கட்டினது?”

நியாயமான கேள்விதான். கமலாக்ஷி கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தாள். கயிறு இன்னும் அங்கேயே தொங்கியது. சரக்கைக் கெடுக்க வந்தவன் எதற்காகக் கதவை இழுத்துச் சாத்திக் கட்டிவிட்டுப் போகிறான்? இவ்வளவு இறுக்கமாக, மழைச்சாரல் நுழையாதபடி? மூன்று நாளாக இந்த முடிச்சின் போட்டோ அவள் மேஜைமேல் கிடக்கிறது. முடிச்சை யார் போட்டது என்று பார்த்தாளே தவிர, எதற்காகப் போட்டது என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

“அவர்கிட்டேயே கேக்கலாம்,” என்றாள்.

“கேட்டேளோ இல்லையோ முன்னாடி?” என்றார் கல்யாணராமன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

*

சுள்ளிக்கல்லில் வரிசையாகத் தகரம் போட்ட அறைகள். மூன்றாவது வாசலில் கட்டிவைத்த மூட்டைகள், சுருட்டிய பாய், கவிழ்த்த பக்கெட். சாயங்கால ரயிலுக்கு ஊருக்குக் கிளம்புகிறார்கள். இசக்கிராஜா வெளியே வந்தார். நாலு பேரையும் பார்த்துவிட்டுச் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டார்.

“இன்னும் என்ன மொதலாளி?” என்றார்.

கல்யாணராமன் கமலாக்ஷியைப் பார்த்தார். கமலாக்ஷிதான் சொன்னாள். மிஷினைப் பற்றிச் சொன்னாள், காற்றைப் பற்றிச் சொன்னாள், தான் எழுதினது தப்பு என்று சொன்னாள். இசக்கிராஜா குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அந்தக் கயிறு,” என்றாள் கடைசியில். “அது…”

“நான் கட்டினதுதாம்மா.”

ஹரிஷங்கர் நிமிர்ந்து பார்த்தான்.

“கரண்டு போச்சு, காத்து வேற ஊதுது. பத்திரி மூட்டை கதவோரமாக் கெடக்கு, சாரல் அடிச்சா போச்சேன்னு ஓடினேன். போய்ப் பாத்தா கதவு படார் படார்னு அடிக்கு, உள்ள தண்ணி. ஒத்தைக்கு எம்புட்டு முடியும்? முடிஞ்ச மூட்டைய உள்ள தள்ளினேன். பூட்டு ஒட்ட மாட்டேங்கு. அதான் கயித்தைப் போட்டுக் கட்டிட்டு வந்தேன். மொதலாளிக்குப் போன் போட்டேன், போகல.”

நனையாத பாதி எப்படி நனையாமல் போயிற்று என்று அவர்களில் ஒருவரும் இதுவரை யோசித்ததில்லை.

“திங்கக்கிழமை வந்து சொல்லியிருக்கலாமே இசக்கி,” என்றார் கல்யாணராமன், காதில் விழாத குரலில்.

“சொல்லத்தான் வந்தேன். நீங்க போனை மூஞ்சிக்கு நேரா நீட்டுதீங்க. பாத்தா என் பேருல்லா இருக்கு. பேரே இருக்கையில நம்ம சொல்லு எங்க எடுபடும்?” கமலாக்ஷி பக்கம் திரும்பினார். “பெறகு இந்தம்மா வந்தாங்க. முடிச்சைச் சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்தாங்க. நான் அங்கனதான் நின்னேன். வெளிச்சம் மறைக்கி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னு சொன்னாங்க. தள்ளி நின்னேன்.”

கமலாக்ஷிக்கு ஞாபகம் இருந்தது. யாரோ ஒருவர் வெளிச்சத்தை மறைத்ததும், தள்ளச் சொன்னதும் நன்றாகவே ஞாபகம் இருந்தது. அந்த முகத்தைத்தான் பார்க்கவில்லை. இப்போது அவளால் நிமிர முடியவில்லை. வாசலில் கிடந்த கவிழ்த்த பக்கெட்டையே பார்த்தாள்.

“நாளைக்கே வேலைக்கு வந்துடு,” என்றார் கல்யாணராமன். “ரெண்டு பேரும்.”

“பஜார்ல வச்சுல்லா சொன்னீங்க மொதலாளி. பஜார்ல வச்சே இல்லன்னு சொல்லுங்க. பெறகு பாப்போம்.”

“சொல்றேன். கட்டாயம் சொல்றேன்.” அவர் கண் தன்னையறியாமல் கைக்கடிகாரத்துக்குப் போயிற்று.

வியாழக்கிழமை, மத்தியானம் திரும்பிய நேரம். வெங்கிட்டு மெதுவாகச் சொன்னான். “ராகு காலம் முடிய இன்னும் நேரம் இருக்கு ஸார்.”

அந்த வார்த்தையில் கேலி கொஞ்சமும் இல்லை, அதுதான் அவரை அடித்தது. கல்யாணராமன் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். “இசக்கிராஜா, வா,” என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக வெயிலில் இறங்கினார். பின்னால் இசக்கிராஜா போனார். போகும்போது ஹரிஷங்கரிடம், “தம்பி, அந்த மிஷின்ல இருந்து எம்பேரை எடுத்துரு,” என்றார். வெங்கிட்டுவும் அவனும் கூடவே போனார்கள்.

கமலாக்ஷி மட்டும் நின்றாள். உள்ளேயிருந்து இசக்கிசெல்வி வந்து, வாசலில் கட்டிவைத்த மூட்டையை இழுத்துப்போட்டு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். எவ்வளவு நேரம் அவள் உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது. போகவில்லை, தங்குகிறார்கள் என்று தெரிந்ததும் கமலாக்ஷிக்கு மூச்சு வந்தது. விற்ற குக்கரை மீட்டுத் தருகிறேன் என்று சொல்லலாமா என்று யோசித்தாள். அதைச் சொன்னால் காலையில் பார்த்ததையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டா?” என்றாள் இசக்கிசெல்வி, முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“கேளு.”

“அந்த மிஷின்ல அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் பேருக்குப் பதிலா மொதலாளி மவன் பேரு வந்திருந்தா, அவரையும் ஒரு வார்த்தை கேக்காமத்தான் எழுதியிருப்பீங்களா?”

கமலாக்ஷிக்குப் பல பதில்கள் வந்தன. அவசரம், இரண்டு சாட்சி, யார் பேரானாலும் அப்படித்தான், துப்பறிகிறவளுக்கு முதலாளியும் தொழிலாளியும் ஒன்றுதான். எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன. இவள் முன்னால் இன்னொரு பொய் ரிப்போர்ட் எழுத அவளுக்கு மனம் வரவில்லை.

“இல்லை,” என்றாள். “அவரைக் கேட்டிருப்பேன்.”

இசக்கிசெல்வி தலையை அசைத்தாள். தெரிந்த பதிலைக் கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. அவிழ்த்த மூட்டையிலிருந்து தட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் அடுக்கத் தொடங்கினாள். கமலாக்ஷி வாசலிலேயே நின்றாள். உட்காருங்கள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.